கிடார் வாசிப்பவர்கள் நடுவழியில் நிற்பது ஏன்?

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த இசை மாலையில், 'பி' பிளாக்கில் வசிக்கும் கிடார் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)

செகரட்டரி சார் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். ஜெனரல் பாடி மீட்டிங் மாதிரி இழுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

நம் மூன்று பிளாக்குகளிலும் கிடார் உள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன. சாயங்காலம் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது காதில் விழும். ஆனால் நான்கைந்து வருடமாக இங்கே இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இரண்டு வருடம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் திடீரென்று சத்தம் நின்றுவிடும். விசாரித்தால், "பத்தாவது வந்துட்டான் சார்" என்பார்கள். இல்லையென்றால், "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்பார்கள். உண்மையான காரணம் பல நேரம் வேறு. வாசிப்பு ஓரிடத்தில் நின்றுபோய், மேலே எப்படிப் போவது என்று தெரியாமல், கிடார் பரணுக்குப் போய்விட்டது. அப்படி நிற்பவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னொரு நாள் பேசுகிறேன்.

நடுநிலை என்று நான் சொல்வது யாரை? ஓபன் கார்டுகள் எல்லாம் உங்களுக்கு வரும். எஃப் பாரே கார்ட் கொஞ்சம் முனகிக்கொண்டாவது வரும். பிக் இல்லாமல் விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைலில் இரண்டு மூன்று பேட்டர்ன்களைக் கை தானாகவே போடும். யூடியூபில் டேப் பார்த்து ஒரு பாட்டை இரண்டு வாரத்தில் பிடித்துவிடுவீர்கள். ஆனால் போன வருடம் இருந்த இடத்திலேயே இந்த வருடமும் இருக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு சின்னச் சோதனை. இப்போதே கிடாரைக் கையில் கொடுத்தால், ஒரே ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, நடுவில் நிற்காமல், "சாரி, திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லாமல் வாசிக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களிடம் இருபது பாட்டின் இன்ட்ரோ இருக்கிறது. 1982-இல் வந்த 'இளைய நிலா'வின் கிடார் இன்ட்ரோவை ஒரு முறையாவது முயற்சி செய்யாத மாணவரை நான் பார்த்ததில்லை. இன்ட்ரோ முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் கை நின்றுவிடும். கிளாசிக்கல் கற்றுக்கொள்பவர்களுக்கு 'ஸ்பானிஷ் ரொமான்ஸ்'. அதன் முதல் பாதி ஈ மைனரில் இருக்கிறது, எல்லோரும் வாசிப்பார்கள். இரண்டாம் பாதி ஈ மேஜருக்கு மாறும். பாரே பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்ட வேண்டிய இடங்கள் அங்கே வரும். அந்த வாசலிலேயே முக்கால்வாசிப் பேர் திரும்பிவிடுவார்கள். அடுத்த நாள் புதிதாக ஒரு பாட்டின் டேப் இறங்கியிருக்கும்.

புதுப் பாட்டு தப்பில்லை. ஆனால் இருபத்தொன்றாவது பாட்டும் முந்தைய இருபது பாட்டின் அதே தரத்தில்தான் வரும். அடுத்த நிலைக்குப் போக, ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டுக்குள்தான் இறங்க வேண்டும். இறங்கி எதைத் தேடுவது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஃபிங்கர்ஸ்டைலில் ஒரு ஆள் வாசித்தாலும் மூன்று பேர் வாசிக்கிற மாதிரி கேட்க வேண்டும். கீழே பேஸ், மேலே மெலடி, நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நிரப்பல். தேர்ந்தவர் வாசித்தால், கிடாரைப் பற்றி ஒன்றும் தெரியாத உங்கள் பாட்டிகூட மெலடியை முணுமுணுப்பார். நடுநிலையில் இருப்பவர் அதே ஸ்வரங்களைச் சரியாகவே வாசிப்பார். ஆனால் எல்லாம் ஒரே அளவு சத்தத்தில் வரும். கேட்பவருக்கு மெலடி எது, நிரப்பல் எது என்று தெரியாது. அவர் "நல்லா இருக்கு" என்பார், ஆனால் முணுமுணுக்க மாட்டார்.

ரொமான்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மெலடி முழுவதும் முதல் ஸ்டிரிங்கில் மோதிர விரலால் வாசிக்கிறோம். அதன் பின்னாலேயே நடுவிரலும் ஆள்காட்டி விரலும் நிரப்புகின்றன. கையில் பலவீனமான விரல் மோதிர விரல். ஆள்காட்டி விரல் பலசாலி. ஆக, சும்மா விட்டால் மெலடி மெலிந்து, நிரப்பல் ஓங்கிவிடும். இது உங்கள் திறமைக் குறைவு இல்லை, கையின் அமைப்பே அப்படி. அதை மாற்றுவதற்குத்தான் பயிற்சி.

பயிற்சி இதுதான். ஒரு சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் என்று வரிசையாக மீட்டுங்கள். இப்போது மோதிர விரல் மட்டும் சத்தமாக, மற்ற மூன்றும் கிசுகிசுப்பாக. இரண்டு நிமிடம். பிறகு நடுவிரல் மட்டும் சத்தமாக. பிறகு ஆள்காட்டி. கேட்க எளிதாக இருக்கும். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். ஒரு விரலை ஓங்கினால் பக்கத்து விரலும் சேர்ந்து ஓங்கும். அவற்றைப் பிரிக்க எனக்குத் தெரிந்த மாணவர்கள் பலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

இதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் மருந்து எழுதி வைத்திருக்கிறார். மாரோ ஜூலியானி என்ற இத்தாலியர், வியன்னாவில் 1812-இல் வெளியிட்ட தன் முதல் நூலில் வலது கைக்கு மட்டும் 120 பயிற்சிகள் கொடுத்தார். இடது கைக்கு வேலையே இல்லை. எல்லாம் சி, ஜி 7 என்ற இரண்டே கார்டுகள். சி பிடி, ஜி 7 பிடி, திரும்ப சி-க்கு வா. வலது கை மட்டும் 120 விதமாக மீட்டும். ஒரு நாளைக்கு நான்கு என்று வைத்தால் ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடியும். சலிப்பாக இருக்கும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. காலையில் காபிக்குப் பால் காயும் நேரத்தில் செய்துவிடுங்கள்.

அடுத்தது கட்டைவிரல். அமெரிக்காவின் கென்டக்கி பக்கத்தில் வளர்ந்த மெர்ல் டிராவிஸ் என்பவரின் பெயரில்தான் 'டிராவிஸ் பிக்கிங்' வந்தது. கட்டைவிரல் இரண்டு பேஸ் ஸ்டிரிங்குகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். மேலே மெலடி அதன் இஷ்டத்துக்கு வரும். டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்தே வாசித்தார். அவரை ரேடியோவில் மட்டுமே கேட்ட ஒரு இளைஞர், இத்தனை சத்தம் வர வேண்டுமென்றால் இன்னும் நிறைய விரல்கள் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தானாகவே கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்த ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். அவர்தான் செட் அட்கின்ஸ். டேப் இல்லை, வீடியோ இல்லை, கையைப் பார்க்க வழியே இல்லை. காதில் மூன்று குரல்களையும் பிரித்துக் கேட்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எலிசபெத் காட்டன் கதை இன்னும் சுவாரசியம். வட கரோலினாவில் பிறந்தவர், இடது கைப் பழக்கம் உள்ளவர். வலது கைக்காரர்களுக்காக ஸ்டிரிங் மாட்டிய கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் எல்லாம் தலைகீழ்: நாம் கட்டைவிரலால் வாசிக்கும் பேஸை அவர் விரல்களால் வாசித்தார், நாம் விரலால் வாசிக்கும் மெலடியைக் கட்டைவிரலால் வாசித்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். முதல் இசைத்தட்டு வந்தபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். "எனக்கு ஐம்பத்திரண்டு ஆச்சு, இனிமே என்ன" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அவருடைய 'ஃப்ரெய்ட் டிரெய்ன்' பதிவைப் போட்டுக் காட்டுவேன். யார் எந்த விரலைப் பயன்படுத்தினாலும் சரி, அந்த நடை நிற்காது.

உங்கள் கட்டைவிரல் தனியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சி கார்ட் பிடித்து ஐந்தாவது ஸ்டிரிங், நான்காவது ஸ்டிரிங் என்று கட்டைவிரலால் மட்டும் மாறி மாறி மீட்டுங்கள். மீட்டிக்கொண்டே வீட்டில் இருப்பவரோடு பேசுங்கள். நாளைக்கு என்ன சமையல், தண்ணீர் லாரி வந்ததா, எதுவானாலும் சரி. பேசும்போது கட்டைவிரல் தடுமாறினால் அது இன்னும் உங்கள் கவனத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தடுமாறாமல் ஐந்து நிமிடம் பேச முடிகிற வரை மெலடியைச் சேர்க்காதீர்கள். பிறகு கட்டைவிரல் விழும் அதே கணத்தில் முதல் ஸ்டிரிங்கில் ஒரு ஸ்வரம். அது நிலைத்த பிறகு, இரண்டு கட்டைவிரல் அடிகளுக்கு நடுவில் ஒரு ஸ்வரம். இந்தக் கடைசிப் படியில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50-இல் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நம் 'ஏ' பிளாக்கில் வீணை வாசிக்கும் மாமி இருக்கிறார். அவரிடம் கேட்டால் சொல்வார். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் உண்டு. மேலே ராகம் என்ன பாடு பட்டாலும் சுண்டுவிரல் அந்தத் தந்திகளில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அதே வித்தைதான் இதுவும்.

கிடாரின் உடம்பைத் தட்டி டிரம்ஸ் மாதிரி வாசிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பையன்கள் என்னிடம் வருவார்கள். மைக்கேல் ஹெட்ஜஸ் 1984-இல் 'ஏரியல் பவுண்டரீஸ்' வெளியிட்ட காலத்திலிருந்து அது ஒரு தனிக் கலை. எனக்கும் பிடிக்கும். ஆனால் கட்டைவிரல் நடை நிலைக்கும் முன் தட்ட ஆரம்பித்தால் கதவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும்.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்: ஸ்வரத்தை நிறுத்துவது. எல்லோரும் மீட்டுவதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நிறுத்துவதைச் சொல்வதில்லை. ஈ கார்டிலிருந்து ஏ-வுக்கு மாறுகிறீர்கள். ஆறாவது ஸ்டிரிங் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஏ கார்டின் அடியில் அந்த ஈ கலங்கலாக ஓடும். ஒரு இடத்தில் என்றால் பரவாயில்லை. பாட்டு முழுக்க இப்படியே போனால் சாம்பாரில் ரசம் கலந்த மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது ஸ்டிரிங்கை மீட்டியவுடன் கட்டைவிரலின் பக்கவாட்டு, ஆறாவது ஸ்டிரிங்கில் லேசாகப் பட்டால் போதும், சத்தம் நின்றுவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டில் எந்தெந்த இடத்தில் பழைய பேஸ் மிச்சம் நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். முதல் நாள் இரண்டு இடம் கிடைக்கும். ஒரு வாரம் கேட்ட பிறகு பத்து இடம் கிடைக்கும். காது கூர்மையாகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

கேட்பதற்கு உங்கள் போனே போதும். பாட்டை ஒரு முறை ரெக்கார்ட் செய்யுங்கள், ஆனால் அன்றைக்கே கேட்காதீர்கள். வாசித்த உடனே கேட்டால், கை என்ன செய்ய நினைத்ததோ அதுதான் காதில் விழும். மறுநாள் கேளுங்கள். மூன்று முறை கேளுங்கள்: ஒரு முறை மெலடியை மட்டும், ஒரு முறை பேஸை மட்டும், கடைசியில் தாளத்தை மட்டும், உள்ளங்கையால் தொடையில் தட்டிக்கொண்டு. கஷ்டமான இடம் வரும்போது வேகம் குறைகிறதா, எளிதான இடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். கண்டிப்பாக ஓடும். எல்லோருக்கும் ஓடும்.

தவறு வருகிற இடத்தை எப்படித் திருத்துவது என்பதிலும் ஒரு வழக்கமான சிக்கல் இருக்கிறது. தவறு வந்ததும் பாட்டின் ஆரம்பத்துக்கே போய்விடுகிறோம். அதனால் முதல் எட்டு தாளச் சுற்றை இருநூறு முறை வாசித்திருப்போம், கடைசி எட்டை இருபது முறை. பாட்டு போகப்போக மோசமாவது ஏன் என்று வேறெங்கும் தேட வேண்டாம். கடைசி இரண்டு சுற்றிலிருந்து தொடங்குங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வாசிக்கும்போது தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். மனசு நிம்மதியாக இருக்கும். என்னிடம் வரும் ஒரு அம்மா, வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், ரொமான்ஸின் ஈ மேஜர் பாதியை இப்படித்தான் கடைசியிலிருந்து கட்டினார். நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் வேறு எந்தப் பாட்டையும் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் எடுத்த அடுத்த பாட்டு மூன்று வாரத்தில் முடிந்தது, அதுவும் முழுதாக.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டிய இடம். கை வலி.

விரல் நுனி எரிவது வேறு, மணிக்கட்டும் முன்கையும் வலிப்பது வேறு. முன்னது தோல் தடித்ததும் போய்விடும். பின்னது போகாது, வளரும். கிரேடு தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பையன், பிளஸ் ஒன் படிப்பவன், தினமும் நாலைந்து மணி நேரம் வாசித்தான். அப்போது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர், வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் வித்தை வரும் என்று சொல்லியிருக்கிறார். தேர்வு எழுதினான், பாஸும் ஆனான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. பிசியோதெரபி செய்து திரும்பி வந்தான். அந்த வருடம் அவன் அம்மா பட்ட கவலை எனக்குத் தெரியும். பரீட்சை எழுதும் கை அது.

பெரிய கலைஞர்களுக்கும் இது வந்திருக்கிறது. விரல்களில் உலோக பிக் மாட்டி மின்னல் வேகத்தில் வாசித்த லியோ காட்கே, தசைநாண் பாதிப்பால் எண்பதுகளில் தன் வலது கை முறையையே மாற்றிக்கொண்டு, வெறும் விரலால் வாசிக்கத் தொடங்கினார். டேவிட் லைஸ்னர் என்ற கிளாசிக்கல் கிடார் கலைஞருக்கு ஃபோகல் டிஸ்டோனியா வந்து, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் பல வருடம் மேடை ஏற முடியவில்லை. பெரிய தசைகளைப் பயன்படுத்தி வாசிக்கத் தானே வழி கண்டுபிடித்துத்தான் திரும்பி வந்தார். ஆகவே வலித்தால் நிறுத்துங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் டாக்டரிடம் போங்கள், யூடியூபிடம் போகாதீர்கள். இருபது நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் கிடாரைக் கீழே வையுங்கள்.

வலிக்குப் பெரிய காரணம் இடது கையின் வீண் அழுத்தம். ஒரு ஸ்டிரிங்கில் விரலை வைத்து, அழுத்தாமல் மீட்டுங்கள். 'டப்' என்று செத்த சத்தம் வரும். மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். 'ஸ்ஸ்' என்று இரைச்சல், பிறகு சுத்தமான ஸ்வரம். அந்தச் சுத்தம் வந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. நீங்கள் வழக்கமாகப் போடும் அழுத்தத்தில் பாதிகூட இருக்காது. விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்தால் இன்னும் குறையும்.

சில சமயம் குற்றம் கையில் இல்லை, கிடாரில். ஸ்டிரிங் உயரமாக இருந்தால் யாராக இருந்தாலும் கை நோகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்டிரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி ஸ்டீல் கிடாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். நைலான் கிடாரில் மூன்றிலிருந்து நான்கு. அதற்கு மேல் இருந்தால் புதுக் கிடார் வாங்கும் முன் ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் செட்டப் செய்து பாருங்கள். நைலான் கிடாரில் ஸ்டீல் ஸ்டிரிங் மட்டும் மாட்டாதீர்கள். நைலான் செட் இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. ஸ்டீல் சுமார் 70. பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் நம் சென்னை. கிடார் மரத்துக்குக் காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருந்தால் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே 80-ஐத் தாண்டும்; மரம் உப்பி ஸ்டிரிங் உயரும். ஏசி அறையில் வைத்தால் காயும். பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள், சுவரில் தொங்கவிடாதீர்கள். மே மாதத்தில் பார்க்கிங்கில் நிற்கும் காரில் வைத்துவிட்டு வருவது பாவம்.

நகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நகத்தால் மீட்டினால் சத்தம் தெளிவு, சதையால் மீட்டினால் மென்மை. 'ரெகுவர்டோஸ் டி லா அல்ஹம்ப்ரா' எழுதிய தாரேகாவே கடைசி காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால் வாசித்தார். செகோவியா இரண்டையும் சேர்த்து வாசித்தார். எனவே பாத்திரம் தேய்ப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நகம் உடைந்தால் சதையால் வாசியுங்கள்.

கடைசியாக, மேல் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதற்கு என் கணக்கில் ஒரே அடையாளம்தான்: டேப் இல்லாமல், உங்களுக்குப் பாடத் தெரிந்த ஒரு பாட்டை நீங்களே கிடாரில் கட்ட முடிய வேண்டும். அது எளிமையாக இருந்தாலும் சரி. இளையராஜா முறையாக கிளாசிக்கல் கிடார் கற்றவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய பாட்டுகள் பலவற்றில் மெலடிக்கு அடியில் ஓடும் பேஸ் தனியாகப் பாடக்கூடிய அளவுக்கு இருக்கும். அதனால் நம் காதுக்கு அவை நல்ல பாடப்புத்தகம்.

எப்படிக் கட்டுவது? முதலில் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். பிறகு மெலடியை மட்டும் முதல் மூன்று ஸ்டிரிங்கில் தேடுங்கள். கீழே இறங்கினால் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேஸோடு மோதும். அடுத்து, பேஸ் ஓபன் ஸ்டிரிங்கில் விழும் மாதிரி சுருதியைத் தேர்ந்தெடுங்கள். ஈ, ஏ, டி மூன்றும் திறந்த ஸ்டிரிங்கில் கிடைக்கின்றன, இடது கைக்கு அது விடுதலை. பாட்டு டி ஷார்ப்பில் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி-யில் வாசியுங்கள். மெலடி, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பேஸ் ஸ்வரம், இவ்வளவு மட்டும் வைத்துக்கொண்டு பாட்டை முழுதாக வாசியுங்கள். நிரப்பல் கடைசியில். நிரப்பல் இல்லாமலே பாட்டு புரிகிறது என்றால் நீங்கள் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். கமகம் அதிகம் உள்ள பாட்டை முதலில் எடுக்காதீர்கள். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே வளைந்து போகும் ஸ்வரத்தை ஸ்லைடிலும் ஹேமர்-ஆனிலும் கொண்டுவருவது அடுத்த கட்டம். நேராக நடக்கும் மெட்டாக எடுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பத்தாவது, பிளஸ் டூ வந்ததும் கிடாரைப் பூட்டி வைக்காதீர்கள். பதினைந்து நிமிடம் போதும். ஜூலியானி பயிற்சி நான்கு, தெரிந்த பாட்டின் கடைசி இரண்டு சுற்று, அவ்வளவுதான் நேரம் பிடிக்கும். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு கல்லூரியில் திரும்ப எடுக்கும் பிள்ளைகள் கை மறந்துபோய், வெட்கப்பட்டு, அப்படியே விட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். "எந்த கிரேடு முடிச்சிருக்கே?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எனக்கு ஒரு பாட்டு முழுசா வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசிக்கும்போது போனைப் பார்க்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சங்கக் கூட்டம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது நம் விதி, நியாயமான விதி. ஆனால் பலருக்கு ஆபீஸ் முடிந்து வாசிக்கக் கிடைப்பதே அந்த நேரம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டிரிங்குக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும்; அடுத்த ஃபிளாட்டுக்குப் போகாது. கைக்குட்டை இல்லாமல் மிக மெதுவாக வாசிப்பது இன்னும் நல்லது. மெதுவாக வாசித்து, அதிலும் மெலடி தனியாகக் கேட்க வேண்டும் என்று முயற்சி செய்து பாருங்கள். பகலில் ஓங்கி வாசிக்கும்போது ஒளிந்திருக்கும் குறைகள் எல்லாம் அப்போது வெளியே வரும். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளிலேயே அதுதான் கடினம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இந்த ஹாலை செகரட்டரி சார் நமக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். கட்டணம் இல்லை. வருகிறவர் ஒரே ஒரு பாட்டைக் கடைசி வரை வாசிக்க வேண்டும், இன்ட்ரோ மட்டும் என்றால் அனுமதி இல்லை. எளிய பாட்டாக இருக்கலாம். நடுவில் தப்பினால் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்கலாம். கிடார் தெரியாதவர்கள் கேட்க வாருங்கள். வீணை மாமியையும் அழைத்திருக்கிறேன். நாற்காலிகளை நாமே எடுத்துப் போட்டு, நாமே அடுக்கி வைத்துவிட வேண்டும் என்று வாட்ச்மேன் அண்ணா சொல்லச் சொன்னார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் போகும்போது கதவருகே உள்ள நோட்டில் ஃபிளாட் எண்ணையும் பாட்டின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.